ரசத்தில் பூசிய பொன் – கடிதம்

வணக்கம் ஐயா,

எங்கள் சாமியறையில் அம்மம்மா காலத்துச் செப்புக் கவசம் ஒன்று இருக்கிறது. நெற்றிப் பக்கம் பொன் முலாம் தேய்ந்து செம்பு தெரிகிறது. செட்டியார் தெருவில் வயதான பத்தர் ஒருவரோடு கதைத்தேன். "அந்தக் காலத்தில் ரசத்தில் கரைத்துப் பூசுவார்கள், அதுதான் நிற்கும்" என்றார். பாதரசம் கிடைத்தால் அப்படியே செய்து தருவாராம். செய்விக்கலாமா?

– வாசகி, கொட்டாஞ்சேனை

அன்புள்ள சகோதரிக்கு,

பத்தர் சொன்னது உண்மை. ஆனாலும் செய்விக்காதீர்கள்.

தங்கம் உருக 1064 பாகை செல்சியஸ் சூடு வேண்டும். பாதரசத்திலோ, மெல்லிய தகடாக நறுக்கிப் போட்டுக் கொஞ்சம் சூடு காட்டினாலே கரைந்துவிடும். ஒரு பங்கு பொன்னுக்கு ஏழெட்டுப் பங்கு ரசம். அதைத் தோலில் கட்டிப் பிழிந்தால் மிச்ச ரசம் வடிந்து, வெண்ணெய்ப் பதத்தில் ஒரு விழுது நிற்கும். வெளுத்துப்போன அந்த விழுதைப் பார்த்தால் உள்ளே பொன் இருக்கிறது என்றே நம்பமாட்டீர்கள். துலக்கிய செம்பில் அதைத் தடவிக் கரிநெருப்பில் காட்டுவார்கள். ரசம் ஆவியாகப் போய், மங்கிய மஞ்சள் படலம் மிஞ்சும். அப்புறம் மெருகுக் கல்லால் தேய்க்க வேண்டியதுதான். சூட்டில் பொன் செம்போடு பிணைந்துவிடுவதால் லேசில் உரியாது. ஈயம் கலந்த வெண்கலத்தில் பூச்சு கறைபடும். வெனிஸ் புனித மார்க் தேவாலயத்தின் பொன் முலாம் பூசிய குதிரைச் சிலைகளை, வார்ப்பதற்குக் கடினமான ஏறத்தாழச் சுத்தச் செம்பில் வார்த்ததற்கு இதுவே காரணம் என்கிறார்கள்.

சரி, அந்த ஆவி எங்கே போகிறது? நெருப்பின் முன் குனிந்திருப்பவரின் மூச்சுக்குள். கை நடுங்கும், ஈறு வீங்கிப் பல் ஆடும், புத்தி தடுமாறும். பாரிஸில் வெண்கலப் பட்டறை நடத்திய ரவ்ரியோ, முலாம் பூசுவோரைக் காக்க வழி கண்டுபிடிப்பவருக்கு 3000 பிராங்க் என்று உயில் எழுதிவைத்துவிட்டு 1814இல் இறந்தார். ஆவியைப் புகைபோக்கிக்குள் இழுக்கும் உலையை வடிவமைத்து டார்சே என்ற வேதியியலாளர் அந்தப் பரிசைப் பெற்றார். ஒரு முதலாளி சாகும்போது தன் தொழிலாளரின் மூச்சை நினைத்தார் என்பது என்னை மிகவும் நெகிழவைக்கிறது. 1840இல் இங்கிலாந்தில் எல்கிங்டன் என்பவர் மின்சாரத்தால் பூசும் மின்முலாமுக்குக் காப்புரிமை பெற்றபின் ரசப்பூச்சு மெல்ல ஒதுங்கியது.

கவசத்தை மின்முலாம் பூசுபவரிடமே கொடுங்கள். தேய்ந்த இடத்துக்கு மட்டும் பூசச் சொல்லுங்கள், பழையதைச் சுரண்ட விடாதீர்கள். நெருப்பில் காட்டவும் கூடாது: ரசத்தில் பூசிய முலாமில் எச்சமாக ரசம் தங்கியிருக்கும், சூடுபட்டால் அது வெளிவரும். அந்தப் பத்தரிடம் இன்னொரு நாள் போய், செய்முறையை வாயால் சொல்லவைத்து எழுதிக்கொள்ளுங்கள். எனக்கும் ஒரு படி அனுப்புங்கள்.

அன்புடன்.