சிகானோ பூங்காவின் பெண்கள்: ஒரு கடிதம்

வணக்கம்.

அமெரிக்காவின் சான் டியேகோ நகரில், மெக்சிகோ வம்சாவளியினரான சிகானோ மக்கள் போராடிப் பெற்ற சிகானோ பூங்கா பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு, அங்குள்ள பாலத் தூண்களின் ஓவியங்களைத் தேடிப் பார்த்தேன். ஓவியங்களில் பெண்கள் நிறைய இருக்கிறார்கள். போராட்டத்தில் இருந்தார்களா? "போராடியவர்களுக்குச் சமைத்துப் போட்டார்கள், அவ்வளவுதான்" என்கிறார் நண்பர் ஒருவர்.

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

உங்கள் நண்பரின் "அவ்வளவுதான்" என்னைக் கோபப்படுத்துகிறது. பூங்காவுக்கான நிலத்தைப் பிடிக்க மக்கள் நடத்திய முற்றுகை 12 நாள் நீடித்தது. உலை வைக்க ஆளில்லாமல் இரண்டாம் நாளே கூட்டம் கலைந்திருக்கும். ஆனால் அவர்கள் அடுப்படியோடு நின்றவர்களும் அல்லர்.

பூங்கா இருக்கும் லோகன் ஹைட்ஸ் மெக்சிகோ வம்சாவளியினரின் குடியிருப்பு. 1963இல் நெடுஞ்சாலை அதை இரண்டாகப் பிளந்தது. 1969இல் கோரோனாடோ பாலம் அதன் தலைக்கு மேல் வந்தது. பாலத்தடியில் பூங்கா வரும் என்று அம்மக்கள் நம்பியிருந்தார்கள். 1970 ஏப்ரல் 22 அன்று அங்கே புல்டோசர்கள் வந்து நின்றன. நெடுஞ்சாலைக் காவல் நிலையம் கட்டப்போகிறார்களாம். மாணவர்களும் குடும்பங்களும் கைகோத்து அந்த இயந்திரங்களைச் சுற்றி வளைத்தார்கள். அதில் பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள். காவல் நிலையத்துக்காகச் சமன்படுத்திய மண்ணிலேயே கள்ளியும் கற்றாழையும் பூச்செடிகளும் நட்டார்கள்.

லோகன் ஹைட்ஸின் லாரா ரோட்ரிகஸ் அப்போது அறுபதைக் கடந்தவர். ஊரில் பாட்டி என்று கொண்டாடப்பட்டவர். அதே ஆண்டு அக்டோபரில், மக்களுக்கான சேவைகளை நிறுத்திவிட்டு வெறும் அலுவலகமாகிவிட்ட 'நெய்பர்ஹுட் ஹவுஸ்' கட்டடத்தின் கதவில் தன்னைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டார். அங்கே இலவச மருத்துவமனை பிறந்தது. பூங்காவைப் பற்றி எழுதும் பலர் இந்த இரண்டாவது முற்றுகையை விட்டுவிடுகிறார்கள். எனக்கு இரண்டும் ஒரே போராட்டம்தான்.

ஓவியங்களில் வரும் பெண்களைச் சொன்னீர்கள். தூரிகை பிடித்தவர்களையும் பாருங்கள். 1975இல் சாக்ரமெண்டோவிலிருந்து வந்த சேலியா ரோட்ரிகஸ், இர்மா லெர்மா உள்ளிட்ட பெண்கள் ஒரு தூணைத் தாங்களே தீட்டினார்கள்.

இடத்தைப் பிடிப்பதற்கு 12 நாள் போதுமாக இருந்தது. காப்பாற்றும் வேலைக்கு ஐம்பது ஆண்டுகள் ஆகியும் ஓய்வில்லை. பூங்காவின் வழிகாட்டுக் குழுவைப் பல பத்தாண்டுகள் தலைமையேற்று நடத்தியவர் டாமி கமரியோ. பெயரைப் பார்த்து ஆண் என்று எண்ணிவிட வேண்டாம். கூட்டம் கூட்டுவது, ஆண்டுவிழா நடத்துவது, அதிகாரிகளோடு மல்லுக்கட்டுவது என்று புகைப்படத்தில் வராத வேலை அது. 1990களில், நிலநடுக்கத்தைத் தாங்கும்படி தூண்களை வலுப்படுத்தும் திட்டம் வந்தபோது ஓவியங்களுக்கே ஆபத்து நேர்ந்தது. குழு விடவில்லை, ஓவியங்கள் பிழைத்தன.

ஹோசஃபின் தலமாண்டஸ் 1970இல் மாணவியாக முற்றுகையில் நின்றவர். பூங்காவை அமெரிக்காவின் வரலாற்று இடங்களுக்கான தேசியப் பதிவேட்டில் சேர்க்கும் முயற்சியை முன்னின்று நடத்தினார். 2013இல் பதிவு கிடைத்தது. 2016 டிசம்பரில் அது தேசிய வரலாற்றுச் சின்னமானது. 2022இல் அங்கே திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தின் பின்னாலும் அவருடைய உழைப்பு இருக்கிறது. உங்கள் நண்பரிடம் இந்தப் பெயர்களையெல்லாம் சொல்லுங்கள்.