தலைக்கணக்கும் பேர்க்கணக்கும்

அன்புள்ள ஐயா,

கோத்தகிரிப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் கமிட்டிச் செயலாளராக இருக்கிறேன். ஞாயிறுதோறும் ஆராதனைக்கு வந்தவர்களை எண்ணி ரிஜிஸ்டரில் எழுதுகிறோம். சில வருடங்களாகவே எண்ணிக்கை இறங்குமுகம். போன கூட்டத்தில் அதைக் காட்டி ஆயரைச் சிலர் கடுமையாகப் பேசிவிட்டார்கள். மூத்தவர் ஒருவரோ, "தாவீது ஜனங்களை எண்ணித்தான் கொள்ளைநோய் வந்தது, இந்தக் கணக்கே வேண்டாம்" என்கிறார். நிறுத்திவிடலாமா?

— ஒரு வாசகர், கோத்தகிரி

அன்புள்ள சகோதரருக்கு,

நிறுத்த வேண்டாம். அதை வைத்து ஆயரைக் கூண்டில் ஏற்றுவதை மட்டும் விட்டுவிடுங்கள்.

பெரியவர் சொல்வது வேதாகமத்தில் 2 சாமுவேல் 24-இல் இருக்கிறது. ஆனால் எண்ணாகமம் 1-ஆம், 26-ஆம் அதிகாரங்களில் ஜனங்களை எண்ணச் சொன்னவர் கர்த்தரேதான். தாவீதிடம் அவருடைய படைத்தலைவன் யோவாப் கேட்டது, ராஜாவுக்கு இது எதற்கு என்று. உங்கள் கமிட்டி முதலில் பதில் சொல்ல வேண்டியதும் அதற்குத்தான்.

2001 சென்சஸில் நீலகிரி மாவட்டத்தின் மக்கள்தொகை 7,62,141. 2011-இல் 7,35,394. தமிழ்நாடு முழுக்க ஜனம் பெருகிய அதே பத்தாண்டில் நம் மாவட்டம் மட்டும் 26,000 பேருக்கு மேல் குறைந்திருக்கிறது. பச்சைத் தேயிலை விலை விழுந்தது, பிள்ளைகள் கோவைக்கும் திருப்பூருக்கும் இறங்கினார்கள். எவ்வளவு நல்ல பிரசங்கமும் இதைத் தடுத்திருக்காது.

கூட்டுத்தொகை ஏமாற்றவும் செய்யும். மே மாதம் சீசனில் வெளியூர்க்காரர்கள் வந்து பெஞ்சுகளை நிரப்புவார்கள். நம் பையன்களோ அந்த நேரம் லாட்ஜிலும் டாக்ஸி ஸ்டாண்டிலும் இருப்பார்கள். ரிஜிஸ்டரில் எண் மாறாது, உள்ளே இருப்பவர்கள் வேறு. மே மாதத்தை ஜூலை மழையோடு ஒப்பிடுவதும் வீண். போன வருடத்து ஜூலையோடு ஒப்பிடுங்கள்.

திருச்சபை கணக்கு வைக்கத் தொடங்கியது பேர் பேராகத்தான். இங்கிலாந்தில் 1538-இல் ஒவ்வொரு பங்கும், அதாவது ஒவ்வொரு ஊர்ச் சபையும், ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பதிய வேண்டும் என்று உத்தரவானது. கத்தோலிக்கர்களுக்குத் திருமணப் பதிவேட்டை 1563-இல் அவர்களுடைய ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் கட்டாயமாக்கியது. இன்றும் அவர்களிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு: ஒருவருக்கு உறுதிபூசுதலோ திருமணமோ நடந்தால், அவருடைய ஞானஸ்நானப் பதிவின் பக்கத்திலேயே அதையும் குறிக்க வேண்டும். குழந்தையாக எழுதப்பட்ட பெயரைச் சபை கடைசிவரை பின்தொடர்கிறது.

கூடலூர்ப் பக்கம் ஒரு சிறிய சபையில் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். இலங்கையிலிருந்து திரும்பிய தோட்டக் குடும்பங்களின் சபை அது. ஒரு பெயருக்கு எதிரே உபதேசியார் பென்சிலால் எழுதியிருந்தார்: "திருப்பூர், பனியன் கம்பெனி. அம்மா மட்டும் இங்கே." அந்த அம்மாவின் வீட்டுக்கு யாராவது போக வேண்டும் என்பது அதிலேயே இருக்கிறது. உங்கள் ஞாயிற்றுக்கிழமை எண்ணில் அவர் வெறும் ஒரு குறைவு.

ஆகவே குடும்ப அட்டவணை ஒன்று போடுங்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்தைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போங்கள். யாருக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை, யார் முழங்கால் வலியால் கோயில் ஏற்றம் ஏற முடியாதவர், யாருக்கு வீட்டில் திருவிருந்து கொடுக்க வேண்டும் என்று எழுதுங்கள். நோயும் கடனும் ஆயரோடு நிற்கட்டும். கூட்டத்தில் வாசிக்கக் கூடாது. பெயர் வாரியாகக் காணிக்கைத் தொகையை வாசிக்கும் பழக்கம் இருந்தால் அதையும் தயவுசெய்து நிறுத்துங்கள், இல்லாதவர்கள் அந்த அவமானத்துக்குப் பயந்தே கோயிலுக்கு வராமல் போகிறார்கள்.

கீழே இறங்கிப்போன பிள்ளைகளின் விலாசத்தை வாங்கி, அந்தந்த ஊர்ச் சபை ஆயருக்குக் கடிதம் எழுதுங்கள். செயலாளராக நீங்களே இந்த மாதம் தொடங்கலாம்.