கேப்டனைக் கேளுங்கள்: சின்ன விமானம் ஓட்ட வரலாமா?

கேள்வி: எனக்கு 26 வயது. நிலையான வேலையில் இருக்கிறேன். பயிற்சி எடுத்து, குறுந்தூர விமானங்கள் ஓட்டும் ஏர்லைனில் சேர ஆசை. "கடன் வாங்கிப் படித்து வானத்தில் பஸ் ஓட்டப் போகிறாயா?" என்கிறார் அப்பா. பதினாறு வருடமாக இதில் இருக்கும் நீங்கள் சொல்லுங்கள், வரலாமா?

பதில்: தம்பி, பஸ் என்று அப்பா சொன்னதில் தப்பில்லை. ஒரே நாளில் நாலு முறை, சில நாள் ஆறு முறை ஏறி இறங்குகிறோம். எனக்கு இந்த வேலை பிடித்துப்போனதே அதனால்தான்.

நான் ஓட்டுவது ஏ.டி.ஆர். 72. சுமார் எழுபது பேர் உட்காரும் புரொப்பல்லர் விமானம். பெரிய ஜெட்கள் 35,000 அடியில் மேகத்துக்கு மேலே போய்விடும். எங்களுக்கு உச்சவரம்பே 25,000 அடி. மழையும் குலுக்கலும் பனியும் அங்கேதான் இருக்கும். என் இடப்பக்க ஜன்னலுக்கு வெளியே சின்னக் குச்சி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். பனி படிகிறதா என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம். ராத்திரியில் அது வெள்ளையாவதைப் பார்த்தால் இன்றைக்கும் முதுகு தானாக நிமிர்கிறது.

பக்கக்காற்றில் இறங்கும்போது மூக்கு ரன்வேக்கு நேராக இருக்காது, சாய்ந்து பார்க்கும். கடைசி நொடியில் வாலில் இருக்கும் திசைத்தகடான ரட்டரைக் காலால் இயக்கி நேராக்கி, காற்று வரும் பக்கத்து இறக்கையைத் துளி தாழ்த்தி, ஒரு சக்கரம் தொட்டு அப்புறம் மறு சக்கரம் தொடவேண்டும். இதை வாரத்தில் பத்து முறை செய்கிற கைக்கு ஒரு பழக்கம் வந்துவிடும். 90 நாளில் மூன்று முறையாவது விமானத்தை இறக்கியிருக்க வேண்டும் என்ற விதிக்காகவே, தரையில் இருக்கும் பயிற்சிக் கருவியான சிமுலேட்டருக்குப் போகிற நெடுந்தூர விமானி ஒருவர் என் சிநேகிதர். என்னைவிடச் சம்பளம் அதிகம். ஆனாலும் என் வேலையைக் கேட்டால் பெருமூச்சு விடுவார்.

சரி, கஷ்டத்துக்கு வருகிறேன். 200 மணி நேரம் பறந்து லைசென்ஸ் வாங்கியதும் வேலை காத்திருக்காது. குறிப்பிட்ட விமான ரகத்தை ஓட்டத் தகுதி தரும் டைப் ரேட்டிங் தனிச் செலவு. பல இடங்களில் அதுவும் உங்கள் பையிலிருந்துதான். முதல் சில வருடம் கோ-பைலட் சம்பளத்தில் பெரும்பங்கு கடனுக்கே போனது எனக்கு. பிறகு நான் இருந்த நிறுவனம் மூடப்பட்டது. இரண்டு மாதச் சம்பளம் வரவேயில்லை. 4,000 மணி நேர அனுபவத்தோடு அடுத்த இடத்தில் சேர்ந்தபோது சீனியாரிட்டி பட்டியலில் கடைசிப் பெயர் என்னுடையது. நல்ல ரோஸ்டர் (மாதப் பணிப்பட்டியல்), பண்டிகை விடுப்பு, கேப்டன் பதவி எல்லாமே அந்த வரிசைப்படிதான். அது இன்னும் வலிக்கிறது.

களைப்பைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். 2009 பிப்ரவரி 12-ல் அமெரிக்காவின் பஃபலோ அருகே கோல்கன் ஏர் 3407 என்ற குறுந்தூர விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். கோ-பைலட் நாட்டின் மறுகோடியிலிருந்து இரவெல்லாம் பயணம் செய்து பணிக்கு வந்தவர் என்று விசாரணையில் தெரிந்தது. அதற்கப்புறம் அங்கே ஓய்வு விதிகளை மாற்றினார்கள். கோ-பைலட்டுக்கும் பொதுவாக 1,500 மணி நேரம் வேண்டும் என்றார்கள்.

வேலையை விடுவதற்கு முன், கடன் கேட்பதற்கும் முன், விமானிகளுக்கான முதல் வகுப்பு (கிளாஸ் 1) மருத்துவச் சோதனையை முடியுங்கள். அதில் தேறாமல் போனால் மற்ற எதற்கும் அர்த்தமில்லை. பிறகு என்னை மாதிரி கேப்டனிடம் கேட்காமல், சேர்ந்து இரண்டு வருடமான ஒரு கோ-பைலட்டிடம் சம்பளச் சீட்டையும் போன மாத ரோஸ்டரையும் கேட்டுப் பாருங்கள். லைசென்ஸுக்கு அப்புறம் ஒரு வருடம் வேலையில்லாமல் தவணை கட்ட முடியுமா என்று அப்பாவோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். முடியுமென்றால் தைரியமாக வாருங்கள்.

கேள்வி: என் கணவர் கோ-பைலட். வீட்டுக்கு வந்தால் தூங்கியே கிடக்கிறார். குழந்தை ஏங்குகிறது.

பதில்: அது அலட்சியம் இல்லை, அம்மா. விடிகாலை நாலு மணிக்குப் பணிக்குப் போக இரண்டரைக்கு எழுந்தவருக்கு உடம்பு அப்படித்தான் கேட்கும். நாலு நாள் தொடர்ந்தால் தலை மரத்துப்போகும். எங்கள் வீட்டில் வந்ததும் இரண்டு மணி நேரம் யாரும் என்னை எழுப்பமாட்டார்கள். எழுந்ததும் அரை மணி நேரம் மகளுக்கு மட்டும். போன் கூட வேறு அறையில் இருக்கும். ரோஸ்டர் வந்த அன்றே அவள் அதைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி, நான் வீட்டிலிருக்கும் நாட்களுக்குப் பச்சைக் கலர் அடித்துவிடுவாள். கூப்பிட்டால் பணிக்குப் போகவேண்டிய ஸ்டாண்ட்பை நாளுக்குப் பாதிக் கட்டம்தான் பச்சை.