முரணாகவா, மாறாகவா?

வணக்கமுங்க. நொய்யல் கட்டுரையில் ‘பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீரை, முரணாக, விவசாயிகளே வேண்டாம் என்றார்கள்’ என்று எழுதியிருந்தீர்கள். ‘மாறாக’ என்றுதானே வரவேண்டும்? இல்லை, விவசாயிகள் மாற்றி மாற்றிப் பேசினார்கள் என்கிறீர்களா? எங்கள் தோட்டம் அந்தப் பக்கம்தான். கொஞ்சம் உறுத்தியது.
– ஒரு வாசகர், சென்னிமலை

அன்புள்ள நண்பருக்கு,

விவசாயிகளைக் குறை சொல்லவில்லை. ‘முன்னுக்குப் பின் முரணாக’ என்று கோர்ட்டுச் செய்திகளில் படித்துப் படித்து, முரண் என்றாலே யாரோ பொய் சொல்கிறார்கள் என்ற வாடை அடிக்கிறது.

‘மாறாக’ போட்டால் ஒன்றைத் தள்ளிவிட்டு இன்னொன்றை வைப்பதாகிவிடும். ‘மழை பெய்யவில்லை, மாறாக, வெயில் கொளுத்தியது.’ ஒரத்துப்பாளையத்தில் எதையும் தள்ள முடியாது. 1990களின் தொடக்கத்தில் பாசனத்துக்கென்று அணை கட்டியதும் நிஜம், தண்ணீர் வேண்டாம் என்றதும் நிஜம். தேங்கி நின்றது திருப்பூர்ச் சாயக்கழிவு என்று தெரிந்தவுடன் முடிச்சு அவிழ்ந்துவிடுகிறது. அந்த உப்பு நீரைப் பாய்ச்சினால் மண்ணும் போச்சு, கிணறும் போச்சு. நொய்யல் விவகாரம் வருடக்கணக்கில் இழுத்து, 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிடும் வரை போனது உங்களுக்குத் தெரியாததல்ல.

கேட்டவுடன் மோதுவதுபோல இருந்து, காரணம் தெரிந்ததும் பொருந்திப்போக வேண்டும். அங்கேதான் ‘முரணாக’. வள்ளுவர் இதில் கில்லாடி. ‘நீங்கின் தெறூஉம் குறுகுங்கால் தண்ணென்னும்’ என்கிறார் 1104ஆம் குறளில். விலகினால் சுடும், கிட்டப் போனால் குளிரும். இப்படி ஒரு தீ எந்த அடுப்பிலும் கிடையாது. காதலியைச் சொல்கிறார் என்றதும் நமக்குக் கேள்வியே எழுவதில்லை.

இன்னொரு பக்கம், ‘முரணாக, அன்றுதான் அவருடைய பிறந்தநாள்’ என்றெல்லாம் எழுதுகிறார்கள். எது எதோடு முரண்பட்டது? அது வெறும் தற்செயல். எனக்கு எரிச்சல் வருவது இதைப் பார்த்தால்தான்.

பேச்சில் நமக்கு இந்தச் சொல்லே வேண்டியதில்லை. ‘தண்ணிக்குன்னுதானுங்க அணையக் கட்டுனது, அந்தத் தண்ணியவே வேண்டாங்கறமுங்க’ என்று உங்கள் பக்கத்தில் ஒருவர் சொன்னால், ‘தண்ணியவே’யில் இருக்கும் ஏகாரமே வேலையை முடித்துவிடும். குரலும் முகமும் கூட வரும். எழுத்தில் அது இரண்டும் இல்லை. அணையைப் பார்த்திராத வாசகர் அந்த வரியை அச்சுப்பிழை என்று நினைத்துத் தாண்டிப் போய்விடக்கூடும். அவருக்காகத்தான் ‘முரணாக’ என்று போட்டேன். உங்களுக்காக என்றால் ஏகாரமே போதும்.