இடத்தை விற்காதீர்கள், அண்ணாச்சி

போன சனிக்கிழமை நெல்லை மேலப்பாளையத்திலிருந்து ஒரு அண்ணாச்சி, மனைவியையும் பிளஸ் டூ முடித்த மகளையும் கூட்டிக்கொண்டு என்னிடம் யோசனை கேட்க வந்தார். லோடு ஆட்டோ ஓட்டுகிறார். மனைவி பீடி சுற்றுகிறார். மகளுக்குப் பத்திரிகையில் ஊரைப் பற்றி வாராவாரம் பத்தி எழுத ஆசை. தாய்மாமாவோ கோயம்புத்தூரில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் ஏ.ஐ. இன்ஜினீயரிங் சீட் பேசி வைத்துவிட்டார். முன்னீர்பள்ளம் பக்கம் இருக்கிற 5 சென்ட் இடத்தை விற்றுப் பணம் கட்டலாமா என்று கேட்டார் அண்ணாச்சி. "ராத்திரி தூக்கமே இல்ல சார்" என்றார். அன்றைக்கு ஆறுதல் சொல்லி அனுப்பிவிட்டேன். அது தப்பு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இடத்தை விற்காதீர்கள், அண்ணாச்சி. மீதிப் பணத்துக்குக் கல்விக் கடன் என்கிறீர்கள். அதற்குப் படிக்கிற காலத்திலேயே வட்டி ஏறத் தொடங்கிவிடும். கணக்கில் தட்டுத் தடுமாறித் தேறிய பிள்ளை அங்கே அரியர் வைத்துக்கொண்டு நின்றால் யார் போய் எழுப்பி நிறுத்துவது? மச்சினர் நல்லதுக்குத்தான் சொல்கிறார். ஆனால் தவணை கட்டப்போவது அவர் இல்லை. "பேப்பர்தான்னா சென்னையில விஸ்காம் சேத்து விடு" என்று சித்தப்பா சொன்னாராமே, அந்தக் காட்சித் தொடர்பியல் படிப்புக்கும் என் பதில் வேண்டாம் என்பதுதான். ஹாஸ்டலும் கேமராவும் சேர்ந்து அதே கடனில்தான் கொண்டுபோய் விடும்.

பிள்ளைக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 21 வயசில் யாரும் பத்தி எழுத இடம் தர மாட்டார்கள். தமிழ் நாளிதழ்களின் நடுப்பக்கத்தில் எழுதுகிறவர்களைப் பார், தாயீ: பேராசிரியர், ஓய்வு பெற்ற அதிகாரி, டாக்டர். அவர்களுக்குச் சோறு வேறு இடத்திலிருந்து வருகிறது. கட்டுரைக்கு இவ்வளவு என்று கிடைக்கும் சன்மானத்தில் குடும்பம் நடத்த முடியாது.

மாதச் சம்பளமும் வேண்டும், எழுத்தும் பழக வேண்டும் என்றால் ஒரு வேலை இருக்கிறது. நிருபர் வேலை எல்லோருக்கும் தெரியும். பத்திரிகையில் உதவி ஆசிரியர் வேலையை வீட்டில் யாரும் யோசிப்பதே இல்லை. செய்தி ஏஜென்சியிலிருந்து வரும் ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்குவது, நிருபர் அனுப்பியதைச் செப்பனிடுவது, தலைப்பு வைப்பது, பக்கம் பிரஸ்ஸுக்குப் போகும் முன் கடைசியாக ஒருமுறை பார்ப்பது. பாரதி 1904-ல் சுதேசமித்திரனில் சேர்ந்தது இந்த வேலைக்குத்தான். அங்கே அவர் உட்கார்ந்து ஆங்கிலச் செய்திகளை மொழிபெயர்த்தார். நெல்லை இந்துக் கல்லூரியில் பி.ஏ. படித்த புதுமைப்பித்தனும் தினமணியில் வேலை பார்த்தவர். அந்தத் தினமணிக்கு 1934-ல் முதல் ஆசிரியராக இருந்த டி.எஸ்.சொக்கலிங்கம் நம் தென்காசிக்காரர்.

அணை நிலவரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்துப் பேப்பர்களில் வழக்கமாக வருகிற செய்தி. மணிமுத்தாறு நீர்மட்டம் 125 அடி என்று ராத்திரி 10 மணிக்கு ஒரு செய்தி வருகிறது. ஊர் தெரிந்த உதவி ஆசிரியருக்கு அங்கேயே கை நின்றுவிடும். மணிமுத்தாறின் முழு உயரமே 118 அடி, பாபநாசம்தான் 143. இரண்டும் இடம் மாறியிருக்குமோ என்று நிருபரைக் கூப்பிட்டுக் கேட்பார். இப்படிப் பத்து வருஷம் செய்தவருக்கு ஊரின் தண்ணீர், சாலை, வரி எல்லாம் விரல் நுனியில் நிற்கும். பத்தி எழுதத் தேவையான சரக்கு அதுதான். ராத்திரி ஷிப்ட் உண்டு. வீட்டுக்குக் கொண்டுவிட வண்டி உண்டா என்பதைச் சேரும்போதே கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். சம்பளம் ஐ.டி. அளவுக்கு வராது, ஆரம்பத்தில் கண்டிப்பாக வராது.

படிப்புக்குப் பாளையங்கோட்டையிலேயே அரசு உதவி பெறும் கல்லூரியில் பி.ஏ. பொருளாதாரம் போதும். வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய் வரலாம். 55 வார்டு மாநகராட்சியின் பட்ஜெட்டை வாசித்துப் புரிந்துகொள்ள அந்தப் படிப்பு உதவும். ஆறாம் வகுப்பிலிருந்து மாநகராட்சிப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும். இங்கிலீஷ் பேப்பர் ஒன்று தினமும் வாங்கிக் கொடுங்கள். ஒரு செய்தியைத் தமிழில் எழுதட்டும்.

இவ்வளவு உறுதியாக நான் சொல்வதற்குக் காரணம், அவள் பையிலிருந்து எடுத்துக் காட்டிய நோட்டு. பஸ் ஜன்னலிலிருந்து பாளையங்கால்வாயைப் பார்த்துத் தேதி போட்டு எழுதியிருக்கிறாள்: எந்தத் தெருவின் சாக்கடை எங்கே கலக்கிறது, எந்தப் படித்துறையில் இப்போது யாரும் குளிப்பதில்லை. அழகு சேர்க்க ஒரு சொல் கூடப் போடவில்லை. யாரும் சொல்லிக்கொடுத்து வருகிற காரியமில்லை இது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி ஒரு மனு போட்டு, அந்தக் கால்வாயைத் தூர்வார எவ்வளவு செலவானது என்று அவளையே கேட்கச் சொல்லுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

இது இரண்டாவது நோட்டு என்றாள். முதல் நோட்டைப் பரீட்சை நேரத்தில் வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டியதாக அம்மா சொன்னார்கள். அதை இன்றைக்கே எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.