வீட்டு வெளிச்சுவருக்குக் கண் கூசாத, இதமான வெள்ளை வேண்டும். எந்த நிறம் எடுக்கலாம்?

புது வீடு கட்டி முடித்து, கடையில் ஷேடு கார்டை விரித்து வைத்துக்கொண்டு குழம்பிப்போய் நிற்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 2 வருடம் முன்னால் நானும் அப்படித்தான் நின்றேன்.

எங்கள் வீடு தென்காசிப் பக்கம். கார்டில் இருந்த ஆஃப் ஒயிட்டிலேயே மிக வெளிறியதை எடுத்தேன். கடை டியூப்லைட்டில் தேங்காய்ப்பால் மாதிரி அவ்வளவு இதமாக இருந்தது. ஒரு கோட் அடித்தபின் மத்தியானம் பார்த்தால் வெறும் சுண்ணாம்பு வெள்ளை. கண்ணைத் திறக்க முடியவில்லை. நிழல் விழுந்த வடக்குச் சுவரில் லேசாக நீலம் வேறு ஓடியது. தாத்தா பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்பில் நீலம் கலப்பார். அந்த நிறம் வேண்டாம் என்றுதானே இத்தனை நாள் தேடினேன்!

"ரெண்டாவது கோட் அடிச்சா சரியாயிரும் அண்ணாச்சி" என்றார் பெயிண்டர். சரியாகாது. வெயில் நிறத்தை வெளுத்துக் காட்டும், நிழலில் வானத்தின் நீலம் ஏறும். அதனால் கார்டில் பிடித்ததைவிட ஒன்றிரண்டு படி அழுத்தமானதை எடுக்க வேண்டும்.

வேலையை நிறுத்திவிட்டு 3 நிறம் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினேன். மேற்குச் சுவரிலும் வடக்குச் சுவரிலும் 3 அடிக்கு 3 அடி, இரண்டு கோட். காலை, உச்சி வெயில், சாயங்காலம் என்று நான்கு நாள் பார்த்தோம். மஞ்சள் தூக்கலான கிரீம், சாயங்கால வெயிலில் அப்பட்டமான மஞ்சளாகிவிட்டது. துளி காவி ஓடியது மட்டும் எந்த நேரமும் நிறம் மாறவில்லை. பனங்கிழங்கை உரித்தால் தெரியுமே, அந்த நிறம். காவி, ஆக்சைடு வகை சாயங்கள் வெயிலில் சீக்கிரம் வெளுக்காது. கடையில் அதைக் கேட்டு வாங்குங்கள்.

நான் பெயிண்ட் தொழிலில் இருப்பவன் இல்லை. பளிச் வெள்ளை அடித்தால்தான் வீடு சூடேறாது என்று யாராவது சண்டைக்கு வரலாம். அது மொட்டை மாடிக்கு ரொம்பச் சரி. சுவரில் இந்த நிறத்தால் உள்ளே சூடு கூடியதாக எங்களுக்குத் தெரியவில்லை. சாரல் சீசனில் மண் தெறிக்கும் என்பதால் அடியில் 2 அடிக்குப் பழுப்புப் பட்டை போட்டோம், அதையும் செய்யுங்கள்.

அப்புறம், டப்பா மூடியில் ஒட்டியிருக்கும் கலவை நம்பரைப் படம் எடுத்து வையுங்கள். எனக்கு அது எதற்குத் தேவைப்பட்டது தெரியுமா? பெயிண்ட் அடித்து மூன்றாம் வாரம், விடிந்து பார்த்தால் காம்பவுண்ட் சுவர் முழுக்கப் பசை தடவி காதுகுத்து போஸ்டர். பொது இடத்திலிருந்து கண்ணில் படுகிற சுவரைப் பாழாக்கக் கூடாது என்று 1959-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. கேட்கப் போனால், "ஒரு வாரத்துல கிழிச்சிரலாம்ல" என்கிறார்கள். கிழித்தபோது பெயிண்டும் பாளம் பாளமாக வந்தது. அதே நம்பரைக் காட்டி வாங்கி அடித்தும், அந்த இடம் காலை வெயிலில் இன்றும் தனியாகத் தெரிகிறது.