எர்த் வயர்: கனம் எவ்வளவு, காப்பு எங்கே?

கேள்வி: வாட்டர் ஹீட்டர் லைனுக்கு ஃபேஸ், நியூட்ரல் இரண்டும் 4 சதுர மி.மீ. வயர். எர்த்தில் கரண்டே ஓடாது, 1.5 போதும் என்கிறார் எலக்ட்ரீஷியன். சரிதானா?

பதில்: வேண்டாம், எர்த்தையும் 4 ஆகவே போடச் சொல்லுங்கள். கரண்ட் ஓடாது என்பது ஹீட்டர் பழுதில்லாமல் இருக்கும் வரைதான். காயில் கெட்டு ஃபேஸ் வெளிக்கூட்டைத் தொட்டுவிட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் எர்த் வயர் வழியே பாய வேண்டும். அவ்வளவு பாய்ந்தால்தான் எம்சிபி (கரண்ட் அளவுக்கு மீறினால் லைனைத் தானே துண்டிக்கும் சுவிட்ச்) அந்தக் கணமே ட்ரிப் ஆகி விழும்.

கட்டட வயரிங்குக்கான சர்வதேசத் தரநிலை ஐஇசி 60364 தரும் அளவு எளிது. ஃபேஸ் வயர் 16 சதுர மி.மீ. வரை இருந்தால் எர்த்தும் அதே அளவு. 16க்கு மேல் 35 வரை என்றால் எர்த் 16. அதற்கும் மேலே போனால் ஃபேஸில் பாதி. இது இரண்டும் ஒரே உலோகமாக இருக்கும்போது. எர்த்தைத் தனி வயராக இழுத்தால், கண்டியூட் குழாய்க்குள் குறைந்தது 2.5, குழாய்ப் பாதுகாப்பில்லாமல் போனால் 4.

இதைவிடக் குறைக்கக் கணக்குப் போட்டுக் காட்டலாம். விதி அதற்கு இடம் தருகிறது. 500 ஆம்பியர் 0.1 நொடி ஓடினால், பிவிசி உறை போட்ட தனிச் செம்பு வயருக்கு 1.1 சதுர மி.மீ. போதும். அதே 500 ஆம்பியர் ஒரு நொடி நீடித்தால் 3.5 தேவை. அதாவது, எம்சிபி எவ்வளவு விரைவாக விழும் என்று உறுதியாகத் தெரிந்தவர் மட்டுமே குறைக்கலாம். அந்த விரைவையும் எர்த் வயரே பாதிக்கிறது. 'சி' வகை 20 ஆம்பியர் எம்சிபி உடனே விழுவது உறுதியாக வேண்டுமென்றால் 200 ஆம்பியர் ஓட வேண்டும். 230 வோல்ட்டில் அதற்கு, போய்த் திரும்பும் பாதை முழுவதற்கும் 1.15 ஓம்தான் இடம். 30 மீட்டர் 1.5 வயர் ஒன்றே 0.36 ஓம் எடுத்துக்கொள்ளும். 4 என்றால் 0.14.

கேள்வி: போர்டிலிருந்து, மண்ணில் அடித்த எர்த் ராடுக்குப் போகும் செம்புக் கம்பி வெளிச்சுவரில் கையெட்டும் உயரத்தில் திறந்தே இருக்கிறது. இரும்புக் குழாய்க்குள் விடலாமா?

பதில்: தடித்த பிவிசி குழாயே நல்லது. இரும்புக் குழாய்க்குள் ஒற்றைக் கம்பி போனால், பெரிய கரண்ட் பாயும்போது குழாய் காந்தமாகி அந்தப் பாய்ச்சலையே நெரிக்கும். மின்னல் தாக்கினால் இது இன்னும் மோசம். இரும்புதான் வேண்டுமென்றால் குழாயின் இரு முனைகளையும் கிளாம்ப் போட்டு அதே கம்பியோடு இணைக்க வேண்டும். ஒரு முனையை மட்டும் இணைத்துவிட்டு வேலை முடிந்தது என்று போவதுதான் அதிகம் நடக்கிறது.

மண்ணுக்குள் போகும் பகுதியில் அரிப்பும் மண்வெட்டியும் எதிரிகள். உறையில்லாத செம்பு என்றால் குறைந்தது 25 சதுர மி.மீ.; அரிப்பைத் தடுக்கும் உறை இருந்தால் 16. அலுமினியத்தை மண்ணில் புதைக்கவே கூடாது. ராடில் மண்ணுக்கடியில் போடத்தக்க பித்தளை அல்லது வெண்கலக் கிளாம்ப் இருக்கட்டும். செம்பும் ஜிஐயும் (துத்தநாகம் பூசிய இரும்பு) ஈரத்தில் நேரடியாகத் தொட்டால் ஜிஐ அரித்துப் போகும். வெறும் ஈயப்பற்று வைத்த இணைப்பை நம்பாதீர்கள், பழுது நேரத்துச் சூட்டில் அது உருகிவிடும். கம்பியை வளைய வளையச் சுற்றாமல், முடிந்தவரை நேராகக் குறுகிய வழியில் கொண்டுபோங்கள். வழியில் ஃபியூஸும் சுவிட்சும் வரக்கூடாது.

கேள்வி: தண்ணீர்க் குழாயையே எர்த்தாக வைத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. நடுவில் ஒரு பிளாஸ்டிக் துண்டு மாற்றினாலே எர்த் போய்விடும். ஆனால் உலோகக் குழாய் வீட்டுக்குள் வருகிறது என்றால், நுழையும் இடத்தருகே அதைக் குறைந்தது 6 சதுர மி.மீ. செம்பால் மெயின் எர்த் முனையோடு இணைத்துவிடுங்கள்.

கேள்வி: ராடும் தடித்த வயரும் இருக்கும்போது ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) எதற்கு?

பதில்: மின்வாரியத்தின் எர்த் இணைப்பு இல்லாமல், எர்த்துக்கு உங்கள் ராட் மட்டுமே இருந்தால், கட்டாயம் வேண்டும். ராடின் மண் தடை 20 ஓம் என்று வையுங்கள். 230 வோல்ட்டில் 11.5 ஆம்பியர்தான் ஓடும். 20 ஆம்பியர் எம்சிபி அதைக் கண்டுகொள்ளவே கொள்ளாது. ஹீட்டர் கூடு கிட்டத்தட்ட முழு வோல்ட்டேஜில் நிற்கும், தொட்டவர் உயிருக்கு ஆபத்து. வயரை எவ்வளவு தடிப்பாக்கினாலும் மண் தடை குறையாது. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி மட்டுமே அங்கே காக்கும். சில மாதங்களுக்கு ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள்; விழவில்லை என்றால் உடனே மாற்றுங்கள்.

கேள்வி: வாங்கும் வயர் அசல் செம்புதானா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: காந்தம் உதவாது, செம்பும் ஒட்டாது, அலுமினியமும் ஒட்டாது. இழை ஒன்றைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். எடை போட்டும் பார்க்கலாம்: 2.5 சதுர மி.மீ. வயர் 100 மீட்டர் சுருளில் செம்பு மட்டுமே ஏறக்குறைய 2.2 கிலோ இருக்கும், உறையின் எடை தனி. சுருளின் மொத்த எடையே அதைவிடக் குறைவாக இருந்தால் வாங்காதீர்கள்.